‘திங்க்’ வராதது பெரிய குறையா? மலாய் மாணவர் வாயில் ஆங்கில மெய்யொலிகள்

கேள்வி: மார்ச் 3, இரவு 9.10

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தேசியப் பள்ளியில் நான்காம் ஐந்தாம் ஆண்டுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பில் பெரும்பாலும் மலாய்ப் பிள்ளைகள். ‘மூன்று’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘மரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அவர்கள் வாயில் ஒன்றாகவே விழுகின்றன. ‘திங்க்’, ‘தேங்க்யூ’ சொல்லும்போது நாக்கு பல்லைத் தாண்டுவதே இல்லை. மூன்று மாதமாக இதே பயிற்சிதான். மலாய் பேசுகிறவர்களுக்கு ஆங்கில மெய்களில் ஆகக் கடினமானது இதுதான் என்பது என் முடிவு. இதை வரவைக்க வழி சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 10.50

கடினம்தான். ஆனால் மூன்று மாதம் கொடுக்கும் அளவுக்கு முக்கியம் இல்லை டீச்சர். ‘திங்க்’ என்பதை நம் ‘த’ போட்டுச் சொன்னால் யாருக்கும் பொருள் தப்பாது. அயர்லாந்தில் பலர் பேசும் ஆங்கிலமே அப்படித்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் தமக்குள் பேசும்போது எந்த ஒலி தவறினால் பேச்சே புரியாமல் போகிறது என்று பார்த்து ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் ஒரு பட்டியல் கொடுத்தார். அந்தப் பல்லிடை ஒலி இரண்டும் (‘திங்க்’ சொல்லின் தலையில் வருவதும் ‘திஸ்’ சொல்லின் தலையில் வருவதும்) கட்டாயமில்லை என்று அதில் வெளியே வைக்கப்பட்டன. சொல்முதலில் வரும் ப, ட, க-வின் மூச்சும், சொல்முதல் மெய்க்கூட்டமும் (உயிர் இடையில் வராமல் அடுத்தடுத்து நிற்கும் மெய்கள்), உயிரின் நீளமும் கட்டாயம் என்று உள்ளே வந்தன.

மலாய் மாணவர் பேச்சில் பொருள் கெடுவது சொல்லின் வாலில். அங்கே பாருங்கள்.

மார்ச் 4, காலை 6.20

வால் என்று சொன்னதை விளக்க வேண்டும். அதற்கு முன் ஒரு ஏற்பாடு. தமிழ் எழுத்தில் இந்த ஒலிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. ‘பம்பரம்’ என்பதில் முதல் ப குரலற்றது (தொண்டை அதிராது), இரண்டாவது குரலுள்ளது (தொண்டை அதிரும்). ‘வட்டம்’, ‘வண்டி’ இரண்டிலும் உள்ள ட-வும், ‘பக்கம்’, ‘பங்கு’ இரண்டிலும் உள்ள க-வும் அப்படியே. ஸகரத்தில் குரலற்றதைப் பாம்பு என்றும் குரலுள்ளதை வண்டு என்றும் சொல்கிறேன். சீறலும் ரீங்காரமும்.

மலாய் அசை பொதுவாக ஒரு மெய், ஓர் உயிர், வேண்டுமானால் இன்னொரு மெய், அவ்வளவுதான். இயல்பான மலாய்ச் சொல் குரலுள்ள ப, ட, க-வில் முடியாது. ச, ஜ-விலும் முடியாது. கடைசியில் வரும் ப, த வெடிக்காமல் வாயை மூடியபடி நின்றுவிடும். கடைசி க-வோ தொண்டை அடைப்பாக மாறிவிடும். ‘தீடாக்’ என்று எழுதுவார்கள். காதில் விழுவது ‘தீடா’ என்று சொல்லித் தொண்டையைச் சட்டென்று மூடியது போல.

இந்தக் கதை மலாய் அகராதியிலேயே இருக்கிறது. மின்தூக்கிக்கு ‘லிஃப்’. கடைசி ட போய்விட்டது. அஞ்சலுக்கு ‘போஸ்’, முகாமுக்கு ‘கெம்’, நீரிறைக்கும் பம்புக்கு ‘பம்’, அஞ்சலட்டைக்கு ‘போஸ்காட்’. இவை பிழைகள் அல்ல. மலாய் தன் அசைக்கு ஏற்ப வெட்டித் தைத்துக்கொண்ட சட்டைகள். பிள்ளை ஆங்கிலம் பேசும்போதும் அதே கத்தரிதான் ஓடுகிறது.

மார்ச் 4, இரவு 9.30

இன்று கேட்டிருந்த கேள்வி: குரலுள்ள முடிவை எப்படி வரவைப்பது? ‘தொண்டையை அதிரவை’ என்று சொல்லித் தொடங்காதீர்கள். ஆங்கிலேயர்களே கடைசிக் குரலை முழுதாக ஒலிப்பதில்லை. கேட்பவர் காது பிடிப்பது அதற்கு முன்னால் இருக்கும் உயிரின் நீளத்தை. குரலற்ற மெய்க்கு முன் உயிர் குறுகும், குரலுள்ளதற்கு முன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளும். நம் கணக்கில் இரண்டு மாத்திரைக்கு மூன்று.

பனிக்கட்டியும் கண்களும் நல்ல ஜோடி. இரண்டையும் நாம் ‘ஐஸ்’ என்றே எழுதுவோம். பனிக்கட்டி குறுக்கம், பாம்பு. கண்கள் நீளம், வண்டு. மேசைமேல் விரலை 10 சென்டிமீட்டர் இழுக்கும் நேரம் பனிக்கட்டிக்கு, அதே வேகத்தில் 15 சென்டிமீட்டர் கண்களுக்கு. விரலும் வாயும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிற்க வேண்டும். வாயைத் திறப்பதற்கு முன் காது: நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை ஒரு விரல் அல்லது இரண்டு விரல் காட்டட்டும். பத்தில் எட்டு சரியாக வரும்வரை சொல்லவைக்க வேண்டாம். கேட்காத வேறுபாட்டை வாய் செய்யாது.

சொல் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘எடு’ என்ற ‘பிக்’, ‘பன்றி’ என்ற ‘பிக்’ என்று குற்றுயிர்ச் சொற்களில் தொடங்கினால், நீட்டு என்று சொன்னதும் பிள்ளை ‘பீக்’ என்பான். மலாயில் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றாது. ஆகவே நீட்டினால் சொல் மாறும் என்ற உணர்வு அவனுக்கு இல்லை. ஏற்கெனவே நீண்ட உயிர் உள்ள ஜோடிகளை எடுங்கள்: இருக்கையும் விதையும் (சீட்), கயிறும் அங்கியும் (ரோப்), எழுதுவதும் சவாரியும் (ரைட்). ஆறு ஜோடி போதும். நாளுக்கு ஐந்து நிமிடம்.

மார்ச் 5, காலை 7.05

நேற்றைய பட்டியலில் க-முடிவு இல்லை என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். வேண்டுமென்றே விட்டேன். அதற்கு வேறு மருந்து. ‘முதுகு’ என்ற ‘பேக்’, ‘புத்தகம்’ என்ற ‘புக்’ இரண்டிலும் தொண்டை அடைப்பு வந்தால் அடிநாக்கு மேலே எழவே இல்லை என்று பொருள். நீளத்தை எவ்வளவு திருத்தினாலும் அது எழாது. ‘ஆடிக்’ (தம்பி, தங்கை) என்ற சொல்லில் பிள்ளை செய்வது அடைப்பு. ‘பிளாஸ்திக்’, ‘கிளினிக்’ என்ற கடன்சொற்களில் பலர் வாயில் உண்மையான க வருகிறது. ஆகவே புது ஒலி எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ‘கிளினிக்கில் வரும் க-வைப் புத்தகத்துக்கும் கொடு’ என்றால் போதும்.

மார்ச் 6, பிற்பகல் 2.40

பல்லிடை ஒலியைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்கிறீர்களா என்று கேட்கிறார்கள். முன்னுரிமை இல்லை என்றேன். வரவைக்க முடியாது என்று சொல்லவில்லை. வழி பிள்ளையிடமே இருக்கிறது.

தஜ்வீத் முறைப்படி குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளைக்கு அரபு ‘ஸா’ எழுத்தின் மக்ரஜ் (ஒலி பிறக்கும் இடம்) தெரியும்: நாக்கு நுனி மேல் முன்பற்களின் விளிம்பில். ‘தால்’ எழுத்துக்குப் புள்ளி வைத்த ‘ஃதால்’ அதே இடம், குரலோடு. இவைதாம் ஆங்கிலத்தின் இரண்டு பல்லிடை ஒலிகளும். மேல்பல் விளிம்பு கீழுதட்டின் உள்பக்கத்தைத் தொடும் ‘ஃபா’வும் அப்படியே ஆங்கில ஃபகரம். ‘நாக்கை வெளியே நீட்டு’ என்று சொன்னால் பிள்ளைக்குக் கூச்சம். ‘ஸா எழுத்தின் இடத்தில் வை’ என்றால் உடனே வைப்பான்.

வேடிக்கை என்னவென்றால், மலாய்ப் பேச்சு இதே ஒலியை இரு வழியாக மாற்றியிருக்கிறது. அரபு வழி வந்தவை ஸகரமாயின: திங்களுக்கு ‘இஸ்னின்’, செவ்வாய்க்கு ‘செலாசா’, நபிமொழிக்கு ‘ஹதீஸ்’. மேற்கிலிருந்து வந்தவை தகரமாயின: ‘தெயோரி’, ‘தெராபி’, ‘தெமா’. ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் பிள்ளைக்கு இரண்டாவது வழிதான் நினைவுக்கு வருகிறது. அவன் முதல் வழியை அறிந்தவன் என்பதை நீங்கள் நினைவூட்டினால் போதும். எழுத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள். குர்ஆன் வசனத்தை உச்சரிப்புப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். அதற்குரிய மரியாதை இருக்கிறது.

மார்ச் 6, இரவு 11.15

இன்னொன்றும் தோன்றுகிறது. கல்கலா. ஐந்து அரபு எழுத்துகள் உயிர் சேராமல் நிற்கும்போது மெல்ல அதிர்ந்து எதிரொலிக்க வேண்டும் என்பது ஓதல் விதி. அவற்றில் ‘பா’வும் ‘தால்’உம் உண்டு. பேச்சில் ‘அத்தியாயம்’ என்ற ‘பாப்’ சொல்லைக் குரலற்ற ப-வில் முடிக்கும் அதே பிள்ளை, ஓதும்போது குரலுள்ள ப-வைத் தெளிவாக நிறுத்துவான். ஆக, ‘இந்த முடிவு மலாய்க்காரர் வாயில் வராது’ என்ற பேச்சே சரியில்லை. வரும் இடம் வேறாக இருக்கிறது.

மார்ச் 8, காலை 8.00

ஓதல் ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘கல்கலாவை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் பின்னால் ஒரு சிற்றுயிர் ஒட்டிக்கொள்ளும். ஓதலிலேயே அது பிழை என்று திருத்துகிறோம்.’ சரியான திருத்தம். மார்ச் 6 இரவுக் குறிப்பை இப்படி மாற்றிப் படியுங்கள்: கல்கலாவைக் குரல் எங்கே இருக்கிறது என்று காட்ட மட்டும் பயன்படுத்துங்கள். காட்டியதும் விட்டுவிட்டு, உயிரின் நீளத்துக்குத் திரும்புங்கள்.

இந்தச் சிற்றுயிர் விஷயத்தில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தமிழில் வல்லின மெய் சொல்லுக்கு ஈற்றில் நிற்காது. நிற்கவேண்டி வந்தால் குற்றியலுகரம் வந்து தாங்கும். ஆகவேதான் நமக்குப் ‘பஸ்ஸு’, ‘பேகு’, ‘கேட்டு’. மலாய் வாலை வெட்டுகிறது, தமிழ் வாலை ஒட்டுகிறது. தமிழாசிரியர் மலாய்ப் பிள்ளைக்கு வாலைக் காட்டப் போய்த் தன் உகரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. வகுப்பில் உங்கள் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து, கடைசி மெய்யை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மார்ச் 9, இரவு 10.20

எதிர்வாதம் ஒன்று வந்திருக்கிறது, அதில் நியாயம் இருக்கிறது. ‘ஆங்கிலேயரும் கடைசிப் ப, ட-வை வெடிக்காமல் நிறுத்துகிறார்களே, மலாய்க்காரர் செய்வதை மட்டும் ஏன் குறை என்கிறீர்கள்?’

வெடிக்காதது தானாகக் குறையல்ல. மார்ச் 4 காலைக் குறிப்பைப் படித்தால் குறை என்று சொன்னது போலத் தொனிக்கிறது, அது சரியில்லை. ‘லிப்’, ‘லிட்’ இரண்டும் மூடிய நிலையிலேயே மலாய்க் காதுக்குத் தெளிவாகப் பிரியும். ‘செடாப்’, ‘டாபாத்’ என்று அவர்கள் மொழியே அப்படித்தான். கெடுவது இரண்டு இடத்தில் மட்டும்: ‘லிக்’ தொண்டைக்குள் போவதும், குரலுள்ள முடிவும் குரலற்ற முடிவும் ஒரே நீளத்தில் விழுவதும். திருத்த வேண்டியது இவை இரண்டையும்தான்.

மார்ச் 11, மாலை 5.30 (கேள்வி கேட்டவர்)

நீளப் பயிற்சி வேலை செய்கிறது. ‘ஐஸ்’ ஜோடியை வகுப்பே பிடித்துக்கொண்டது. ஆனால் ‘விரல்’ என்ற ‘ஃபிங்கர்’ சொல்லில் நடுவே க விழுந்துவிடுகிறது. ‘பாடகர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் எந்தச் சிக்கலும் இல்லை. ஏன் இப்படி?

மார்ச் 11, இரவு 9.00

எழுத்தினால். மலாய் எழுத்தில் ங-வுக்கு இரண்டு ரோமன் எழுத்து, ங்க-வுக்கு மூன்று. பூ என்ற ‘பூஙா’வில் இரண்டு எழுத்து, க ஒலி கிடையாது. மாங்காய் என்ற ‘மாங்கா’வில் மூன்று எழுத்து, க உண்டு. ஆங்கிலம் ‘ஃபிங்கர்’ சொல்லை ஒரே க-எழுத்தோடு எழுதுகிறது. மலாய் விதிப்படி பிள்ளை படித்தது முற்றிலும் சரி. ‘பசி’, ‘ஆங்கிலம்’, ‘இன்னும் நீளமான’ என்ற ஆங்கிலச் சொற்களிலும் இதே விழும்.

மருந்து ஒரே வரி: ‘விரல் மாங்கா, பாடகர் பூஙா.’ பலகையில் இரண்டு பத்தி போட்டுச் சொற்களைப் பிரிக்கச் சொல்லுங்கள். மாங்காய் நாம் அவர்களுக்குக் கொடுத்த சொல், இங்கே உதவிக்கு வருகிறது.

தமிழருக்கு இது தலைகீழ். நமக்கு ங் வந்தால் பின்னாலேயே க வந்துவிடும். அதனால் பாடகரையும் ‘சிங்கர்’ என்று க போட்டே சொல்கிறோம். ‘இங்ஙனம்’ என்று சொல்லிப் பாருங்கள், அந்த ங்-தான் பாடகருக்கு வேண்டியது. ‘இங்கே’ என்பதில் வருவது விரலுக்கு.

மார்ச் 14, மாலை 6.45

‘மலாய்’ என்று ஒரே மொழியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கெடாவிலிருந்து ஒருவர் அதைச் சுட்டினார். உண்மை, வட்டார வழக்கைக் கேட்காமல் மருந்து எழுதக் கூடாது.

கெடாவில் கடைசி ல யகரமாகும்: போத்தல் ‘போத்தோய்’, கப்பல் ‘காபாய்’. (நம் கப்பல் மலாயில் ஏறிக் ‘காபால்’ ஆகிக் கெடாவில் ‘காபாய்’ ஆயிற்று.) கடைசி ஸ ஹகரம் போலாகும்: இனிப்பு ‘மானிஹ்’. கிளந்தானில் மேல் என்ற ‘ஆதாஸ்’ ‘ஆதாஹ்’ ஆகும். நோய் என்ற ‘சாகித்’ சொல்லின் கடைசித் த தொண்டை அடைப்பாகும். திரெங்கானுவில் கடைசி ன், ம் இரண்டும் ங் ஆகும்: மீன் ‘ஈகாங்’, கோழி ‘ஆயாங்’.

ஆகவே கிளந்தான் பிள்ளை ஆங்கிலப் பன்மையின் ஸகரத்தை விட்டால் அது இலக்கணம் தெரியாததாக இருக்க வேண்டியதில்லை. திரெங்கானுப் பிள்ளைக்கு மேலே உள்ள நீளப் பயிற்சிக்கு முன்னால் ‘டிம்’, ‘டின்’, ‘டிங்’ வரிசை வேண்டும்: உதடு மூடல், நுனிநாக்கு, அடிநாக்கு, கண்ணாடி முன்னால். பிற இடத்துப் பிள்ளைக்கு அது வீண்வேலை.

மார்ச் 15, காலை 9.10

ரகரம் பற்றிக் கேட்டிருந்தார்கள். மலாய் ர நுனிநாக்கைத் தட்டுவது. ஆங்கில ர நாக்கு எங்கும் தொடாமல் இருப்பது. தட்டினாலும் புரிகிறது. விடுங்கள்.

மார்ச் 15, இரவு 8.25

மெய்க்கூட்டம். சொல்லின் தலையில் மலாய் சின்ன எகரத்தைச் செருகும்: ‘கெலாப்’, ‘கெலாஸ்’, ‘பெருஸ்’, ‘செலிப்பார்’. வாலில் வெட்டும். அஞ்சல்தலைக்கு ‘செத்தெம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டும் இருக்கிறது: தலையில் செருகல், கடைசி ப-வுக்கு வெட்டு.

செருகலுக்கு வழி: ஸகரத்தில் தொடங்குபவற்றைப் பாம்பை நீட்டியே உடைக்கலாம். ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரண்டு விநாடி சீறி, மூச்சை நிறுத்தாமல் ‘டாப்’. நடுவில் உதடோ தாடையோ திறந்தால் செருகல் வந்துவிட்டது என்று பொருள். தாடைக்குக் கீழே விரல் வைத்தால் பிள்ளைக்கே தெரியும். ப்ல, க்ல வரிசைக்கு இது உதவாது, ஏனெனில் ப-வை நீட்ட முடியாது. அங்கே முன்கூட்டியே நாக்கை ல-வின் இடத்தில் வைத்துக்கொண்டு ப-வுக்கு உதட்டை, க-வுக்கு அடிநாக்கை மூடித் திறக்க வேண்டும்.

மார்ச் 17, மாலை 7.00

தலையின் மூச்சைப் பற்றிக் கொஞ்சம். மலாய் ப, த, க மூச்சில்லாதவை. தமிழும் அப்படித்தான். ஆங்கிலேயர் காதில் ‘ஊசி’ என்ற ‘பின்’ சொல் ‘குப்பைத்தொட்டி’ என்ற ‘பின்’ ஆகக் கேட்கும். மெல்லிய டிஷ்யூத் தாளை மடிக்காமல் உதட்டுக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் தொங்கவிடுங்கள். ஊசிக்குத் தாள் அசைய வேண்டும். ‘சுழல்’ என்ற ‘ஸ்பின்’ சொல்லுக்கு ஏறக்குறைய அசையாது, அங்கே மலாய் ப அப்படியே சரி. பிள்ளை அழுத்திச் சொல்லி ஏமாற்றுவான்: சத்தம் கூடும், மூச்சு கூடாது. முதலில் ‘ஹின்’ சொல்லவைத்து, பிறகு அதே மூச்சோடு உதட்டை மூடித் திறக்கச் சொன்னால் வந்துவிடும்.

ட-வில் இன்னொரு சிக்கல், அது ஆசிரியர் பக்கம். மலாய் த பல்லில், ஆங்கில ட பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில், தமிழ் ட அண்ணத்தில் வளைந்து. நாம் வளைத்துக் காட்டினால் பிள்ளை அதையும் கற்றுக்கொள்வான். யாழ்ப்பாணத்தார் ‘காற்று’, ‘வெற்றி’ என்பதில் இரட்டை ற-வை ஒலிக்கும் இடம் ஆங்கில ட-வுக்கு மிக அருகில். அதைக் கேட்டுப் பழகுங்கள்.

மார்ச் 21, இரவு 10.40

இறந்தகால ‘எட்’ முடிவு. ‘நடந்தான்’ என்பதைப் பிள்ளை ‘வாக்’ என்று நிறுத்தினால் இலக்கணப் பிழை என்று சிவப்பு மையில் போடுகிறோம். மலாயில் வினை காலம் காட்டாது, பெயர் பன்மைக்கு இரட்டிக்கும் (‘பூகு-பூகு’). ஆகவே அது இலக்கணமாகவும் இருக்கலாம். வாலில் இரண்டு மெய் நிற்காது என்பதால் உச்சரிப்பாகவும் இருக்கலாம். எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் ‘எட்’ இருந்து வாயில் இல்லையென்றால் உச்சரிப்பு. இரண்டிலும் இல்லையென்றால் இலக்கணத்தில் தொடங்குங்கள்.

உச்சரிப்புக்கு வழி, அடுத்த சொல்லை உயிரில் தொடங்கவைப்பது. ‘பிக்ட் இட் அப்’ என்பதைப் ‘பிக்-டி-டப்’ என்று வெட்டிக் கொடுங்கள். மெய்மேல் உயிர் ஏறும் நம் புணர்ச்சிதான். வால் என்று நினைத்த ட அடுத்த அசையின் தலையாகிவிடுகிறது. தலையில் ட வைப்பதில் மலாய்ப் பிள்ளைக்கு எந்தத் தடையும் இல்லை. பத்து வாக்கியம் இப்படிப் பழகிய பிறகு உயிரில் தொடங்காத சொல்லைப் போடுங்கள்.

மார்ச் 22, காலை 7.15

ஒலியே அல்லாத ஒரு பிழை. 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்தைப் பொதுவாக்கியபோது ‘ச்ச’ ஒலிக்கு ஒற்றை ரோமன் எழுத்து வந்தது. அந்த எழுத்தை மலாய்ப் பிள்ளை எப்போதும் ‘ச்ச’ என்றே படிப்பான். பூனையை ஆங்கிலத்தில் எழுதும் அதே மூன்று எழுத்து மலாயில் ‘சாட்’, வண்ணப்பூச்சு. முதலாம் ஆண்டில் இந்தப் பிழை வந்தால் வாய்ப்பயிற்சி வேண்டாம், எழுத்துப் பயிற்சி போதும்.

மார்ச் 29, இரவு 9.35 (கேள்வி கேட்டவர்)

ஆறு ஜோடி முடிந்தது. ‘மூன்று’ இன்னும் ‘மரம்’தான். ஓதும் பிள்ளைகள் நால்வர் மட்டும் ஸா எழுத்தைச் சொன்னதும் சரியாகச் சொல்கிறார்கள்.

மார்ச் 29, இரவு 10.05

அந்த நால்வரையும் ஆளுக்கொரு வரிசையில் உட்காரவையுங்கள். ‘மூன்று’ சொல்லை மட்டும் எடுக்காதீர்கள், அதில் பல்லிடை ஒலிக்குப் பின்னாலேயே ர ஒட்டி நிற்கிறது, இரட்டைச் சுமை. ‘மெலிந்த’ என்ற ‘தின்’, ‘கட்டைவிரல்’ என்ற ‘தம்’ இரண்டும் வரட்டும் முதலில்.